திணறும் எஞ்சினும் பழிசுமக்கும் கார்பரேட்டரும்

கார்பரேட்டர் பொருத்திய மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் பல்லாண்டு உழைத்தவர்கள், எஞ்சின் சீராக ஓடவில்லை என்று பணிமனைக்கு வந்துசேரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கார்பரேட்டர் காரணமாக இருப்பதில்லை என்பதைத் தத்தம் அனுபவத்தில் அறிந்திருப்பர். ஆயினும் முதலில் கழற்றப்படுவது அதுவாகவே இருந்துவந்திருக்கிறது. இரண்டு நட்டுகளைத் தளர்த்தினால் கைக்கு வந்துவிடும் இடத்தில் அது எஞ்சினுக்கு வெளியே அமைந்திருப்பதும், கழற்றிக் கழுவி மாட்டினால் வேலை நடந்ததை வாடிக்கையாளர் கண்ணால் பார்க்க முடிவதும், அதற்குக் கூலி கேட்பது எளிதாக இருப்பதும் இவ்வழக்கம் நிலைபெறக் காரணங்களாயின. பழுதறிந்து செய்யப்பட்ட வேலைக்கும் பழக்கத்தால் செய்யப்பட்ட வேலைக்கும் உள்ள இவ்வேறுபாடே இத்தொழிலில் நல்ல மெக்கானிக்கையும் சாதாரண மெக்கானிக்கையும் பிரித்துக் காட்டியது.

இங்குக் கூறப்படுபவை 1980களின் நடுப்பகுதி தொடங்கிச் சென்னைப் பணிமனைகளில் திரண்ட அனுபவத்தைச் சார்ந்தவை. அக்காலத்தில் திருவொற்றியூரில் தயாரான புல்லட்டும், மைசூரிலிருந்து வந்த யெஸ்டியும், ராஜ்தூத்தும் சாலைகளில் நிறைந்திருக்க, 1985ஆம் ஆண்டில் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகிய ஜப்பானியத் தொழில்நுட்ப வண்டிகள் வந்துசேர்ந்தன. சென்னையை அடுத்த மறைமலை நகரில் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனி நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து கார்பரேட்டர்களைத் தயாரித்தமையால் அசல் உதிரி பாகங்கள் கிடைப்பது ஓரளவு எளிதாயிற்று. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிய பாகமும், புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பாகமும் கிடைத்த அந்நாட்களில், சந்தேகம் வந்தால் பாகத்தை மாற்றிப் பார்ப்பது மலிவான வழியாகத் தோன்றியது. மாற்றிய பாகத்தால் பழுது நீங்கியதா, அல்லது மாற்றும்போது தளர்ந்திருந்த வேறொன்று இறுகியதால் நீங்கியதா என்பதை அறிய வழியில்லாமல் போனதே இம்முறையின் பெருங்குறை.

ஓட்டுநர்கள் குறையைச் சொல்லும் விதத்திலேயே பாதி விடை அடங்கியிருந்தது. ‘மிஸ் அடிக்கிறது’ என்றால் இடையிடையே எரிதல் தவறுகிறது என்று பொருள். ‘ஸ்லோ நிற்கவில்லை’ என்றால் ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் அணைகிறது. ‘பிக்கப் இல்லை’ என்றால் முறுக்கியவுடன் வேகம் எடுக்காமல் தயங்குகிறது. ‘சைலன்சரில் டப்பு டப்பு என்று அடிக்கிறது’ என்றால் எரியாத கலவை வெளிக்குழாயில் சென்று எரிகிறது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைச் சுட்டுவன. “அண்ணே, கார்பரேட்டர் கிளீன் பண்ணிக் கொடுங்க” என்று தாமாகவே மருந்தைச் சொல்லிவிடும் வாடிக்கையாளரிடம், “எப்ப திணறுது தம்பி, ஸ்டார்ட் பண்ணினதுமா, சூடான பிறகா? மெதுவா போகும்போதா, நல்லா முறுக்கும்போதா?” என்று திருப்பிக் கேட்ட மூத்த மெக்கானிக்குகள், அவ்விடைகளைப் பெறாமல் திருப்புளியைக் கையில் எடுத்ததில்லை.

இக்கேள்விகளின் பின்னே உள்ள காரணம் கார்பரேட்டரின் அமைப்பில் இருக்கிறது. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று குறுகிய குழல் வழியே விரையும்போது அங்கு அழுத்தம் குறைய, கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலெழுந்து காற்றோடு கலக்கிறது. அக்கலவையின் அளவை ஒரே துளை நிர்ணயிப்பதில்லை. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும் நிலையிலிருந்து ஏறத்தாழ எட்டிலொரு பங்கு திறக்கும் வரை ஸ்லோ ஜெட் எனப்படும் சிறு துளையும் அதனை அடுத்த ஏர் ஸ்க்ரூவும் கலவையை ஆள்கின்றன. அதற்கு மேல் கால் பங்கு வரை, காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடின் அடிப்புறச் சரிவு செல்வாக்குச் செலுத்துகிறது. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஸ்லைடில் தொங்கும் கூம்பிய ஊசியான நீடிலும் அது நுழைந்து செல்லும் நீடில் ஜெட்டும் பொறுப்பேற்கின்றன. அதற்கப்பால் மெயின் ஜெட் ஆள்கிறது. எனவே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்கையில் மட்டும் திணறும் வண்டியில் மெயின் ஜெட்டை மாற்றுவது பயனற்ற வேலை. கைப்பிடியின் ரப்பரிலும் அதனையொட்டிய சுவிட்ச் உறையிலும் வெள்ளைப் பெயிண்டால் சிறு கோடுகள் இட்டு, எந்தக் கோட்டில் திணறல் தோன்றுகிறது என்று ஓட்டிப் பார்க்கும் எளிய முறை, விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி பழுதின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது. திணறல் ஆக்சிலேட்டரின் எந்த அளவிலும் ஒன்றுபோலவே இருந்தால், அல்லது எஞ்சினின் சூட்டையோ சுழற்சி வேகத்தையோ மட்டும் பொறுத்து அமைந்தால், கார்பரேட்டரை அப்படியே விட்டுவிட்டு வேறிடம் தேட வேண்டும் என்பது அதன் மறுபாதி.

அந்த வேறிடம் பெரும்பாலும் மின்பொறி அமைப்பாகவே இருந்தது. புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் ஆகியவற்றில் காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சுழற்சிதோறும் துண்டித்து, பிளக்குக்கான உயர் அழுத்த மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் வேலையைப் பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் செய்தன. இம்முனைகளுக்கு இடையே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான, பொதுவாக 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரையான இடைவெளி இருக்க வேண்டும். கேமைத் தொட்டு நகரும் ஃபைபர் குதிகால் தேய்ந்தால் இவ்விடைவெளி குறுகிப் பொறி பிந்தும். பாயிண்டுக்கு இணையாக இணைக்கப்பட்டு, முனைகள் பிரியும்போது தீப்பொறி அங்கேயே பாய்ந்து வீணாகாமல் காக்கும் கண்டென்சர் என்னும் சிறு உருளை, பல ஆண்டுகள் மெக்கானிக்குகளை ஏமாற்றிய பாகமாகும். குளிர்ந்த நிலையில் ஒழுங்காக வேலை செய்து, எஞ்சின் சூடேறியபின் மட்டும் பழுதாகி, நின்று ஆறியதும் மீண்டும் சரியாகிவிடும் இயல்பு அதற்கு உண்டு. இத்தகைய புல்லட் ஒன்று சென்னையின் வெவ்வேறு பணிமனைகளில் அடுத்தடுத்துக் கார்பரேட்டர் கழுவப்பட்டு, இறுதியில் கார்பரேட்டரே புதிதாக மாற்றப்பட்ட பின்னும் அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு மிஸ் அடித்துக்கொண்டே இக்கட்டுரையாசிரியர் பணிபுரிந்த இடத்துக்கு வந்தது. பாயிண்ட் மூடியைத் திறந்து எஞ்சினைச் சூடாகும் வரை ஓடவிட்டுப் பார்த்தபோது முனைகளுக்கிடையே நீலவெண் சுடர் தொடர்ந்து பாய்வது தெரிந்தது. கண்டென்சரை மாற்றியதோடு வேலை முடிந்தது. ஆறிய எஞ்சினில் செய்த சோதனைகள் அனைத்தும் அதுவரை பொய்யான விடையையே தந்துகொண்டிருந்தன.

பேட்டரியும் காயிலும் கொண்டு இயங்கும் புல்லட்டில் பேட்டரியின் நலிவும் திணறலாகவே வெளிப்பட்டது. விளக்கெரியும் இரவில் மட்டும் மிஸ் அடிக்கிறது என்ற குறையோடு வந்த வண்டிகளில், முன்விளக்குக் கவசத்தின் மேலுள்ள அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் அசையாதிருப்பதைக் கவனித்தாலே போதுமானதாக இருந்தது. பொறி அமைப்பின் எஞ்சிய பகுதிகளைப் பொறுத்தவரை, பிளக்கை வெளியே எடுத்து எஞ்சின் தலைமேல் வைத்து உதைத்துப் பொறி தெரிகிறதா எனப் பார்க்கும் பரவலான சோதனை அரைகுறையானதே. திறந்த காற்றில் எளிதாகப் பாயும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் பாய மறுப்பதுண்டு. சிடிஐ என்னும் மின்னணுப் பொறி அமைப்போடு வந்த ஆர்எக்ஸ் 100இல் பாயிண்ட் தொல்லை ஒழிந்தாலும், பிளக் கேப்பின் உள்ளே படியும் ஈரமும், வயரின் முனையில் ஏறும் பச்சைக் களிம்பும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பணிமனைகளை நிரப்பின. வயரின் முனையைக் கால் அங்குலம் வெட்டியெறிந்து கேப்பைத் திரும்பத் திருகுவது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் கழற்றப்பட்ட கார்பரேட்டர்களுக்குக் கணக்கில்லை.

பொறி நன்றாக இருப்பது உறுதியானபின் தேட வேண்டியது, கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே திருட்டுத்தனமாக நுழையும் காற்று. இதனை ஏர் லீக் என்பர். கார்பரேட்டர் அளந்து அனுப்பும் கலவையோடு அளக்கப்படாத காற்று சேர்ந்துகொள்வதால் கலவை மெலிந்து, எஞ்சின் ஸ்லோவில் நிற்காமல் ஏறி இறங்குவதும், ஆக்சிலேட்டரை விட்டபின் வேகம் உடனே தணியாமல் தொங்குவதும் இதன் அடையாளங்கள். புல்லட்டில் இப்பழுதைப் பெரும்பாலும் மெக்கானிக்கே உண்டாக்கினார். பெட்ரோல் கசியக்கூடாதென்று நட்டுகளை வலிந்து முறுக்க முறுக்க, மென்மையான உலோகத்தாலான கார்பரேட்டர் முகப்பு இரு ஓரங்களிலும் வளைந்து, முன்னைவிட அதிகமாகக் காற்றை விட்டது. தட்டையான கண்ணாடிமேல் நுண்ணிய எமரித் தாளை விரித்து, முகப்பு முழுவதும் ஒரே நிறமாகும் வரை எட்டு வடிவில் தேய்த்தெடுத்துப் புதிய கேஸ்கெட்டோடு அளவாக இறுக்குவது இதற்கான பழைய வைத்தியம். ஆர்எக்ஸ் 100இலோ, கார்பரேட்டரைத் தாங்கும் ரப்பர் இணைப்பு வயதாகி வெடித்தது. வெடிப்பு அடிப்புறத்தில் இருந்ததால் குனிந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. ஓடும் எஞ்சினின் இணைப்புகள்மீது கார்பரேட்டர் கிளீனர் திரவத்தைச் சிறிது தெளித்து, ஒலி மாறும் இடத்தில் ஓட்டை உள்ளதென அறியும் முறை பிற்காலத்தில் வந்தது. அதற்கு முன்பு தூரிகையில் பெட்ரோலைத் தொட்டுத் தடவிப் பார்த்தனர். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் செய்யத்தகாத வேலை அது.

இருவீச்சு எஞ்சின்களில் ஏர் லீக் இன்னும் ஆழமான இடத்தில் ஒளிந்திருந்தது. கலவை முதலில் கிராங்க் அறைக்குள் சென்று பின்பே சிலிண்டரை அடைவதால், கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள் காற்றுப்புகாமல் இருப்பது இன்றியமையாதது. மேக்னெட் பக்கத்துச் சீல் தளர்ந்தால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலிகிறது. கிளட்ச் பக்கத்துச் சீல் தளர்ந்தால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டுச் சைலன்சரில் அடர்ந்த புகை எழுகிறது. முதல் வகைப் பழுதுள்ள ஆர்எக்ஸ் 100ஐ ஏர் ஸ்க்ரூவைத் திருகியும் ஜெட்டைப் பெரிதாக்கியும் தற்காலிகமாக ஓடவைத்துக் கொடுத்துவிடலாம். சில வாரங்களில் அது பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது சிலிண்டருக்குள் இறுகித் திரும்பி வரும். சீல் மாற்றும் கூலியை மிச்சப்படுத்த விரும்பியவர்கள் சிலிண்டரைக் கடையும் போர் வேலைக்கும் சேர்த்துச் செலவழித்தனர்.

நான்குவீச்சு எஞ்சின்களில் வால்வு இடைவெளியும் இதே தேடலில் அடங்கும். தள்ளுகோல்களால் இயங்கும் பழைய புல்லட்டில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அழுத்த வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, தள்ளுகோல் விரலால் தடையின்றிச் சுழலவும் அதேசமயம் மேலும் கீழும் ஆடாமலும் இருக்குமாறு, இடைவெளியைத் திருத்தும் டேப்பட்டை அமைக்க வேண்டும். சத்தம் கேட்கக்கூடாதென்று ஓட்டுநர் வற்புறுத்த, அதனை இறுக்கிக் கொடுத்தால், சூடேறி நீளும் வால்வு முழுவதும் மூடாமல் அழுத்தம் கசிந்து, ஸ்லோ நிற்காமல் போகும். டேப்பட் சத்தம் இல்லாத புல்லட்டை நம்பாதே என்பது அக்காலப் பணிமனைகளின் நல்லறிவு.

இனி பெட்ரோல். டேங்க் மூடியில் உள்ள நுண்துளை அழுக்கால் அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுபோகும். சில கிலோமீட்டர் ஓடியபின் நின்று, மூடியைத் திறந்து மூடியதும் கிளம்பும் வண்டியின் நோய் இதுவே. வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள் திணறும் வண்டியில் கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் நீர்த்துளிகள் முத்துப்போல் உருண்டு கிடக்கும். மானிய மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் கலப்படப் பெட்ரோலும் ஒரு காரணமாயிற்று. பிளக்கின் நிறத்தைக் கொண்டு கலவையை அறியும் கலையும் காலத்தோடு மாறியது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்படும் வரை, சரியான கலவையில் ஓடும் பிளக்கின் முனை காப்பித்தூள் நிறத்தில் தெளிவாக இருந்தது. அதன்பின் நிறம் வெளிறிப் படிப்பதற்குக் கடினமாகிவிட்டதால், பழைய கண்ணோடு பார்த்த பலர் சரியான கலவையையும் மெலிந்தது என்று எண்ணி ஜெட்டைப் பெரிதாக்கினர். 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது இன்னொரு மாற்றம். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவைப்பட, எத்தனாலுக்கு 9 பங்கே போதுமாதலால், பழைய ஜெட் வழியே வரும் புதிய எரிபொருள் இயல்பாகவே சற்று மெலிந்த கலவையைத் தருகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் வண்டிகளில் கிண்ணத்தின் உட்புறம் வெண்களிம்பு பூக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கார்பரேட்டரைத் திறப்பதே முறை; திறப்பதற்கு முன்னும் ஒரு சோதனை உண்டு. திணறும் நிலையில், கலவையைச் செறிவாக்கும் சோக்கைச் சிறிது இழுத்தால் ஓட்டம் தேறுமானால் கலவை மெலிந்திருக்கிறது, மோசமாகுமானால் செறிந்திருக்கிறது. திறந்தபின் காணப்படும் பழுதுகளில் மனிதர் செய்தவையே மிகுதி. பித்தளை ஜெட்டின் துளையைக் கிளட்ச் கேபிளின் ஒற்றைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யும் வழக்கத்தால் துளை பெரிதாகி, மேலே பொறித்த எண் பொய்யாகிவிடுகிறது. மைலேஜ் செட்டிங் என்ற பெயரில் துளையை ஈயப்பற்றால் அடைத்து நுண்ணூசியால் மீளத் திறந்த ஜெட்டுகளும் வந்ததுண்டு. அவ்வண்டிகள் பெட்ரோலை மிச்சப்படுத்தியதைவிட எஞ்சின்களை வேகமாகத் தேய்த்தன. மாறாக, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியெறிந்து வேகம் தேடிய ஆர்எக்ஸ் 100 இளைஞர்கள், காற்று மிகுந்ததால் இழுவை குறைந்தபோது அதற்கும் கார்பரேட்டரையே குறைகூறினர்.

ஏர் ஸ்க்ரூ பற்றிய குழப்பமும் குறிப்பிடத்தக்கது. திருகு ஏர் ஃபில்டர் பக்கமாக அமைந்திருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது; உள்ளே திருகினால் கலவை செறியும். எஞ்சின் பக்கமாக அமைந்திருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் கலவை மெலியும். புல்லட்டில் கை பழகியவர்கள் வேறு வகைக் கார்பரேட்டர் கொண்ட வண்டிகளிலும் அதே திசையில் திருகி, நோயைக் கூட்டினர்.

தேய்மானத்தால் வரும் பழுதுகளில் நீடில் ஜெட்டின் தேய்வு கண்ணுக்குத் தெரியாதது. அதிரும் நீடில் உரசி உரசித் துளையை நீள்வட்டமாக்க, நடுவேகத்தில் கலவை செறிந்து மைலேஜ் குறையும். நீடிலின் தலையிலுள்ள வெட்டுகளில் கிளிப்பை ஒரு படி மேலேற்றினால் நீடில் கீழிறங்கிக் கலவை சிறிது மெலியும் என்றாலும், தேய்ந்த ஜெட்டுக்கு அது ஒட்டு வேலைதான். ஸ்லைடு தேய்ந்து குழலுக்குள் தடதடவென ஆடும் கார்பரேட்டரைத் திருத்த வழியே இல்லை, மாற்றத்தான் வேண்டும். பெட்ரோல் வழிந்தால், கிண்ணத்திலுள்ள மிதவையான ஃபுளோட்டோடு இயங்கும் ஃபுளோட் பின்னின் முனையில் வளையக்கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பித்தளை ஃபுளோட்டாயின் அதனை வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும்.

சரியான வண்டியும் இடம் மாறினால் திணறும் என்பதற்கு உதகை சான்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்திலொரு பங்கு குறைவு. ஆகவே சமவெளிக்கு அமைத்த ஜெட்டுகள் அங்குச் செறிந்த கலவையைத் தந்து பிளக்கைக் கரியாக்குகின்றன. கல்லட்டி வளைவுகளில் மூச்சுத்திணறி மேலேறியவர்கள் அங்கேயே ஜெட்டைச் சிறிதாக்கிக்கொண்டு, பின் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோடை வெயிலில் அதே மெலிந்த கலவையோடு நெடுஞ்சாலையில் விரட்டியதால் எஞ்சின் சூடேறிக் கெட்டது. இரண்டு நாள் பயணத்துக்காக எதையும் மாற்றாமல், பிளக்கை மட்டும் துடைத்துக்கொண்டு இறங்குவதே அறிவுடைமை.

ஸ்லைடை ஆக்சிலேட்டர் கேபிளுக்குப் பதில் வெற்றிட அழுத்தமே உயர்த்தும் வகைக் கார்பரேட்டர்கள் 150 சிசி வண்டிகளோடு பரவியபோது, மெல்லிய ரப்பர் டயஃப்ரம் கிழிவது என்ற ஒரே புதிய பழுது சேர்ந்தது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்பரேட்டரின் இடத்தை எரிபொருள் உட்செலுத்தும் கருவி பிடித்துவிட்டது. அங்குக் குறையைக் கணினியே குறியீடாகச் சொல்லிவிடுகிறது. பழைய வண்டிகளுக்கு அவ்வசதி இல்லாமையால், அவற்றை இன்னும் ஓட்டிவருவோர் பணிமனையில் கார்பரேட்டரைக் கழுவச் சொல்வதை விட்டு, எந்தச் சூட்டில், ஆக்சிலேட்டரின் எந்த அளவில் திணறுகிறது என்பதைச் சொல்லவேண்டும். ஜெட் மாற்றப்பட்டால் கழற்றிய பழைய ஜெட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலை அளவு என்னவென்று அடுத்த மெக்கானிக்குக்குக் காட்ட அதைத் தவிர வேறு ஆவணம் பெரும்பாலும் இருக்காது.